லைஃப் கோச் ஆக விரும்புபவர்களுக்கு: சான்றிதழுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கேள்விகள் கேட்டு, ஒருவர் தன் வாழ்க்கை இலக்கையும் அடுத்த அடியையும் தானே முடிவு செய்ய உதவுபவர் லைஃப் கோச். அப்படிப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் தேவையில்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல அரசுப் பதிவேடு எதுவும் இதற்குக் கிடையாது. இந்தத் தொழில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முதல் காரணம் அதுதான். முதலீடு குறைவு, கடை வாடகை இல்லை, வீடியோ அழைப்பிலேயே வேலை முடிந்துவிடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் காரணங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப், 2019 நிலவரப்படி உலகம் முழுவதும் சுமார் 71,000 கோச்சுகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2023-இல் அது வெளியிட்ட அறிக்கையில் அந்த எண்ணிக்கை 1,09,200. நிறுவன அதிகாரிகளுக்கு மட்டுமே கோச்சிங் செய்பவர்களும் இதில் அடக்கம்.

வகுப்பு நடத்துபவர்கள் இந்த எண்ணை வாய்ப்பு என்று காட்டுவார்கள். அதே எண்தான் உங்கள் போட்டியாளர்களின் எண்ணிக்கையும். கோச் ஆவதற்கான வகுப்பைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது எளிது. கோச்சிங்கையே காசு கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கடினம். இந்த வித்தியாசம் புரியாமல் வருபவர்கள், கையில் மூன்று சான்றிதழோடு, நாட்காட்டியில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாமல் நிற்கிறார்கள். அதனால்தான் வகுப்பில் சேர்வது இந்த வழிகாட்டியில் மூன்றாவது படியாக வருகிறது.

வேலை என்ன என்பது

ஒருவர் வந்து, "பத்து வருஷமா ஒரே வேலை, விட்டுடலாமான்னு இருக்கு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில் ஆலோசகர் என்றால் வேலைச் சந்தை எப்படி இருக்கிறது, சுயவிவரத்தை எப்படித் திருத்துவது என்று சொல்வார். அதே துறையின் மூத்தவர், தான் வந்த வழியைச் சொல்வார். மனநல சிகிச்சையாளர், தூக்கம் எப்படி இருக்கிறது, இந்தச் சோர்வு எப்போது தொடங்கியது என்று பார்ப்பார். கோச் இந்த மூன்றையும் செய்வதில்லை. வந்தவர் உண்மையில் எதை விரும்புகிறார், எது அவரைத் தடுக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்பதை அவர் வாயாலேயே வரவழைப்பதுதான் கோச்சின் வேலை. இலக்கும் அவருடையது, முடிவும் அவருடையது.

இந்தத் தொழிலுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் தாமஸ் லியோனார்ட். அவர் நிதித் திட்ட ஆலோசகராக இருந்தவர். பணத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் வாழ்க்கையைப் பற்றியும் பேச விரும்புவதைக் கவனித்து, 1992-இல் கோச் யூ என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1995-இல் ஐசிஎஃப் உருவானதும் அவர் முயற்சியில்தான்.

உங்களுக்கு நன்றாக அறிவுரை சொல்ல வரும், நண்பர்களெல்லாம் உங்களிடம்தான் யோசனை கேட்பார்கள் என்பதற்காக இந்தப் பக்கம் வருகிறீர்களா? ஒரு எச்சரிக்கை: முதல் ஆறு மாதம் நீங்கள் மறக்கவேண்டிய பழக்கமே அதுதான்.

படி 1: பத்து இலவச உரையாடல்கள்

எந்த வகுப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன் பத்து பயிற்சி உரையாடல்களைச் செய்து பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. பத்தோடு நிறுத்திக்கொள்ளவும் காரணம் உண்டு: ஐசிஎஃப் சான்றிதழுக்கு, பயிற்சி வகுப்பு தொடங்கியபின் செய்த மணிநேரங்கள்தான் கணக்கில் வரும்.

மூன்று பேர் சேருங்கள். ஒருவர் கோச், ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் பார்வையாளர். 25 நிமிடம் உரையாடல், 10 நிமிடம் கருத்து, பிறகு இடம் மாறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மூவரும் ஒரு சுற்று முடித்துவிடலாம். குடும்பத்தாரும் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களும் வேண்டாம். அவர்கள் எடுக்கும் முடிவு உங்களையும் பாதிக்கும் என்பதால் நடுநிலையாகக் கேட்க உங்களால் முடியாது. வாடிக்கையாளராக இருப்பவர் கற்பனைப் பிரச்சினையைக் கொண்டுவரக்கூடாது. சின்னதானாலும் நிஜப் பிரச்சினையாக இருக்கட்டும். நடிப்புக்குக் கேள்வி கேட்டுப் பழகினால், நிஜ மனிதர் தயங்கி நிற்கும் இடம் கண்ணில் படாது.

உரையாடலுக்கு ஒரு சட்டகம் வேண்டும். பரவலாகப் பயன்படுவது க்ரோ முறை: இலக்கு, இன்றைய நிலை, வழிகள், உறுதி. இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே இந்தப் பெயர் (GROW) என்பதால் நினைவில் வைக்க எளிது. 1980-களில் பிரிட்டனில் உருவாகி இன்றுவரை வகுப்புகளில் முதலில் சொல்லித்தரப்படுவது இதுதான். நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: 60 நிமிட அமர்வில் முதல் 10 நிமிடம் இன்றைய இலக்குக்கு, அடுத்த 20 நிமிடம் நிலைமையைப் புரிந்துகொள்ள, 20 நிமிடம் வழிகளுக்கு, கடைசி 10 நிமிடம் உறுதிக்கு.

பிழை பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திலேயே நடந்துவிடும். வாடிக்கையாளர் "வேலை மாறணும்" என்றதும் புதியவர் நேராக வழிகளுக்குத் தாவுவார். எந்தத் துறை, எங்கே விண்ணப்பம் போட்டீர்கள் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். அனுபவமுள்ள கோச் அங்கேயே நின்று, "மாறினா என்ன வித்தியாசமா இருக்கணும்?" என்று கேட்பார். "சாயங்காலம் பிள்ளைங்களோட இருக்கணும்" என்று பதில் வரலாம். பேச்சு வேலையிலிருந்து நேரத்துக்கு மாறிவிட்டது. இருக்கிற வேலையிலேயே தீர்வு கிடைக்கவும் வாய்ப்புண்டு. அதன்பிறகு இன்னொரு கேள்வி: "இந்த ஒரு மணி நேரம் முடியும்போது எது தெளிவாகியிருந்தா போதும்?" இதற்குப் பதில் வாங்காமல் தொடங்கிய அமர்வு, முடிவில் இனிமையான அரட்டையாகத்தான் மிஞ்சும்.

உறுதி வாங்கும் இடமும் அப்படியே. "முயற்சி பண்றேன்" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். என்ன செய்வார், எந்த நாளில், எதனால் அது தள்ளிப்போகலாம், தள்ளிப்போனால் என்ன செய்வார் என்று நான்கையும் அவரையே சொல்லவையுங்கள். பிறகு, செய்துவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் அந்தச் செயல் பெரிதாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

பதிவைக் கேட்டுத் திருத்துவது

அனுமதி வாங்கி இரண்டு உரையாடல்களைப் பதிவு செய்யுங்கள். முழுவதையும் கேட்பது நல்லதுதான், ஆனால் அதைவிடப் பயனுள்ளது வேறு: நடுவிலிருந்து பத்து நிமிடத்தை எடுத்து, இருவர் பேசியதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். அலுப்பான வேலை. ஆனால் வகுப்பில் பத்து மணி நேரம் உட்கார்ந்து கற்பது இதில் ஒரே மாலையில் கண்ணில் படும்.

எழுதியதில், உங்கள் பேச்சு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிகம். கால் பங்குக்கு அருகில் கொண்டுவரப் பாருங்கள். பிறகு, கேள்வி வேடத்தில் வந்த அறிவுரைகளைத் தேடுங்கள். "மேலாளர்கிட்ட பேசிப் பார்க்கலாமே?" என்பதன் கடைசியில் கேள்விக்குறி இருக்கிறது, கேள்வி இல்லை. "இதுக்கு யார் யார்கிட்ட பேச வேண்டியிருக்கும்?" என்று மாற்றினால் அது கேள்வி. ஒரே மூச்சில் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் வாடிக்கையாளர் அவற்றில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லியிருப்பார். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளையும் வட்டமிடுங்கள். "ஏன் சொல்லலை?" என்றால் எதிரில் இருப்பவர் காரணம் சொல்லித் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார். "சொல்ல வந்தப்போ எது தடுத்துச்சு?" என்றால் யோசிப்பார்.

மௌனத்தையும் அளந்துகொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் ஐந்தாறு வினாடி சும்மா இருப்பது புதியவருக்கு ஒரு யுகமாகத் தெரியும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் யோசித்துக்கொண்டிருப்பார். நீங்கள் அதை நிரப்பினால் அவர் யோசனை அறுந்துபோகும். பார்வை உங்கள் முகத்திலிருந்து விலகி வேறெங்கோ போனால் அவர் வேலை செய்கிறார் என்று அர்த்தம். பார்வை உங்கள் முகத்துக்குத் திரும்பும்வரை பேசாதீர்கள்.

வாழ்க்கைச் சக்கரம் என்ற கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. உடல்நலம், பணம், வேலை, உறவு என்று எட்டுப் பகுதிகளாகப் பிரித்த வட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வாடிக்கையாளரே போடுவது. முதல் அமர்வுக்கு முன் வீட்டிலிருந்தே நிரப்பி வரச் சொன்னால் நல்ல கருவி. அமர்வுக்குள்ளேயே நிரப்ப உட்கார்ந்தால் நாற்பது நிமிடம் போய்விடும், பேச நேரமிருக்காது.

படி 2: எங்கே நிறுத்துவது

வகுப்புகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். அது போதாது. வாழ்க்கைப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வருபவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது சிகிச்சை. கேள்வி கேட்டு அவர்களை முன்னால் தள்ளினால், செய்ய முடியாத செயல்திட்டம் ஒன்றும் அதைச் செய்யாத குற்றவுணர்ச்சியும் சேர்ந்து நிலைமை மோசமாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் தூக்கக்குறைவு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை; வாழவே வேண்டாம் என்ற பேச்சு; குடி அல்லது போதைப் பழக்கம்; வீட்டில் அடி உதை; பழைய கொடுமையின் நினைவு அமர்வில் திரும்பத் திரும்ப வந்து பேச்சைத் தடுப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் கோச்சிங்கை நிறுத்திவைக்கவேண்டும். இன்னொரு அறிகுறி மெல்லியது: மூன்று அமர்வு தொடர்ந்து, தானே தேர்ந்தெடுத்த சின்னச் செயலைக்கூட ஒருவரால் செய்ய முடியவில்லை என்றால், அது சோம்பல் இல்லை என்ற சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள். "நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா, இதுக்குப் பயிற்சி எடுத்தவர் ஒருத்தரைப் பார்க்கிறது உங்களுக்கு அதிகம் உதவும். என்னோட வேலை அதுக்குப் போதாது. அவரைப் பார்த்த பிறகு, நீங்க விரும்பினா நாம தொடரலாம்." இவ்வளவுதான். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அதற்கான தகுதி உங்களுக்கு இல்லை. முதல் வாடிக்கையாளரை எடுக்கும் முன்பே இரண்டு மனநல மருத்துவர்கள், இரண்டு சிகிச்சையாளர்கள், உங்கள் பகுதியின் நெருக்கடி உதவி எண் ஆகியவை கையெட்டும் இடத்தில் எழுதி இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அமர்வு அட்டவணையெல்லாம் பார்க்கவேண்டியதில்லை. அவரோடு இணைப்பிலேயே இருந்தபடி, அருகில் இருக்கும் ஒருவரையும் அவசர உதவியையும் வரவழையுங்கள். இதற்காகவே தொடக்கப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் ஒன்றையும், அவர் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்பதையும் வாங்கி வைக்கவேண்டும். காணொளியில் பேசும்போது எதிரில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் போவதுண்டு.

படி 3: வகுப்பும் சான்றிதழும்

சட்டப்படி சான்றிதழ் தேவையில்லை என்றாலும் நல்ல பயிற்சி தேவை. நிறுவனங்கள் வழியாக வேலை வேண்டுமென்றால் சான்றிதழும் தேவைப்படும். தனிநபர் வாடிக்கையாளர்கள் அதை அபூர்வமாகத்தான் கேட்பார்கள்.

உலக அளவில் அதிகம் அறியப்பட்டது ஐசிஎஃப் தரும் மூன்று நிலைகள். முதல்நிலையான ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சியும் குறைந்தது 8 பேருடன் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். அதில் 75 மணி நேரம் கட்டணம் பெற்றதாக இருக்கவேண்டும். இரண்டாம் நிலையான பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சி, 25 பேருடன் 500 மணி நேர அனுபவம், அதில் 450 கட்டணம் பெற்றது. மூன்றாம் நிலையான எம்சிசிக்கு 200 மணி நேரப் பயிற்சி, 35 பேருடன் 2,500 மணி நேர அனுபவம். இவற்றோடு மூத்த கோச் ஒருவர் உங்கள் அமர்வுகளைக் கேட்டுத் திருத்தும் மென்டர் கோச்சிங் 10 மணி நேரம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் நடக்கவேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு. சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். ஐரோப்பாவில் 1992-இல் தொடங்கிய இஎம்சிசி என்ற அமைப்பும் தன் அளவில் அங்கீகாரம் தருகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு நடத்துபவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம்.

நூறு மணி நேரம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். எட்டு வாடிக்கையாளரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் பார்த்தால் மாதம் 16 மணி. ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் கிடைக்கமாட்டார்கள். ஐந்து பேர் என்றால் பத்து மாதம். கட்டணம் பெற்ற அமர்வு என்பதற்குத் தொகை வரம்பு கிடையாது. அடையாளத் தொகையோ, பதிலுக்குப் பெற்ற சேவையோகூட அதில் அடங்கும். அதனால் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்தே சிறு தொகையாவது வாங்கிப் பழகுங்கள். எல்லாவற்றையும் இலவசமாகச் செய்துவிட்டு, கடைசியில் 75 மணி நேரத்துக்குப் புதிதாக ஆள் தேடுவது பலருக்கும் நடப்பதுதான்.

மணிநேரப் பதிவேட்டை முதல் நாளே தொடங்குங்கள்: வாடிக்கையாளர் பெயர், தொடர்பு, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி, அதில் கட்டணம் பெற்றது எவ்வளவு. அவர் பெயரை இப்படிக் குறித்துவைக்க அவரிடமே சம்மதம் வாங்கியிருக்கவேண்டும். பின்னால் தேடிப்போய்ச் சம்மதம் கேட்பது சங்கடமான வேலை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டியவை சில உண்டு. 60 மணியில் எத்தனை மணி நேரலை, எத்தனை பதிவுக் காணொளி? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நீங்கள் கோச்சிங் செய்வதை ஆசிரியர் நேரில் பார்த்து எத்தனை முறை கருத்துச் சொல்வார்? ஐந்து முறைக்குக் குறைவென்றால் யோசிக்கவேண்டும். மென்டர் கோச்சிங் கட்டணத்துக்குள் வருமா, தனியா? இரண்டு வாரத்தில் விலகினால் பணம் திரும்புமா? கடைசியாக, முன்னாள் மாணவர் மூவரிடம் நீங்களாகவே பேசி, அவர்கள் வருமானத்தில் எவ்வளவு கோச்சிங்கிலிருந்து வருகிறது, எவ்வளவு மற்றவர்களைக் கோச் ஆக்கும் வகுப்பிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இரண்டாவதுதான் அதிகம் என்றால், அந்த வகுப்பு உங்களை எதற்குத் தயார் செய்கிறது என்பது புரிந்துவிடும்.

வார இறுதி இரண்டே நாளில் சான்றிதழ், இன்று இரவுக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம், மூன்று மாதத்தில் இவ்வளவு வருமானம் உறுதி, ஒவ்வொரு நிலை முடிந்ததும் அதைவிட விலை உயர்ந்த அடுத்த நிலை. இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலே விலகிவிடுங்கள்.

படி 4: காகித வேலை

முதல் கட்டண வாடிக்கையாளருக்கு முன் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்று தயாராக இருக்கவேண்டும். கோச்சிங் என்றால் என்ன, அது சிகிச்சையோ சட்ட ஆலோசனையோ நிதி ஆலோசனையோ அல்ல என்பது முதல் பத்தி. பிறகு அமர்வுகளின் எண்ணிக்கை, நீளம், கட்டணம், எப்போது செலுத்துவது, அமர்வுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அந்த அமர்வு கழிக்கப்படுமா, இடையில் விலகினால் மீதிப் பணம் எப்படி. ரகசியம் பற்றிய பத்தியில் விதிவிலக்குகளையும் எழுதுங்கள்: உயிருக்கு ஆபத்து, சட்டப்படியான உத்தரவு, பெயர் மறைத்து மென்டரிடம் பேசுவது. விதிவிலக்கே இல்லாத ரகசியம் என்று வாக்குக் கொடுத்தால் அதை உங்களால் காப்பாற்ற முடியாது.

நிறுவனம் பணம் கட்டி ஊழியரை அனுப்பினால் மூன்று தரப்பும் சேர்ந்து தொடக்கத்திலேயே ஒருமுறை பேசவேண்டும். எத்தனை அமர்வு நடந்தது என்பதை மட்டும் நிறுவனத்துக்குச் சொல்வேன், உள்ளடக்கத்தை ஊழியர்தான் சொல்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது அமர்வு முடிந்ததும் மேலாளர் அழைத்து, "ஆள் எப்படி, தேறுவாரா?" என்பார்.

குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் குறியெழுத்து போடுங்கள். ஒரு அமர்வுக்கு ஐந்தாறு வரி போதும்: இன்றைய இலக்கு, அவர் பயன்படுத்திய முக்கியமான சொற்கள், ஒப்புக்கொண்ட செயல், தேதி. உங்கள் ஊகங்களை எழுதிவைக்காதீர்கள்.

படி 5: யாருக்கு, எவ்வளவுக்கு

"எல்லோருக்கும் உதவுவேன்" என்பவரை யாரும் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. யாரை நினைத்துப் பரிந்துரைப்பது என்று கேட்பவருக்குத் தெரியாது. முதன்முறை குழுத்தலைவர் ஆனவர்கள், பிள்ளை பிறந்தபின் வேலைக்குத் திரும்பும் பெண்கள், ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருப்பவர்கள் என்று வாழ்க்கையின் ஒரு திருப்பத்தைப் பிடியுங்கள். தேர்ந்தெடுத்தது சரியா என்று பார்க்க, அப்படிப்பட்ட இருபது பேரின் பெயரை உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஏழெட்டோடு நின்றுவிட்டால் அந்த உலகத்தில் உங்களுக்கு வழி இல்லை. நம்பிக்கையின்மை, மகிழ்ச்சி, முழுத்திறன் போன்ற சொற்களால் ஒரு பிரிவை அமைக்காதீர்கள். இரவு பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும் யாரும் "என் முழுத்திறன்" என்று தேடுவதில்லை.

அமர்வுகளை ஒவ்வொன்றாக விற்பதைவிட மூன்று மாதத்தில் ஆறு அமர்வு என்று கட்டாக விற்பது நல்லது. ஒரே அமர்வில் மாற்றம் வராது. ஒற்றை அமர்வு வாங்கியவர் ஏமாற்றத்தோடு போய்விடுவார்.

கட்டணத்தை, மற்றவர் என்ன வாங்குகிறார் என்பதிலிருந்து தொடங்காமல் உங்கள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஆண்டின் 52 வாரத்தில் விடுப்பு, உடல்நலக்குறைவு, ஆளே கிடைக்காத பண்டிகைக் காலம் போக 44 வாரம் வேலை நடக்கும். வாரம் 12 அமர்வு என்றால் 528. ரத்தாவதும், ஒருவர் முடித்து அடுத்தவர் வரும் இடைவெளியும் கால் பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவது சுமார் 400. ஆண்டுக்கு வீட்டுக்குத் தேவையான தொகை, வரி, மென்பொருள், மேற்படிப்பு எல்லாம் கூட்டி 400-ஆல் வகுங்கள். அதுதான் ஒரு அமர்வுக்கு உங்களுக்குக் கிடைக்கவேண்டியது. முதல் ஆண்டில் வாரம் ஆறு அமர்வே பெரிது. அப்போது வகுக்கும் எண் 200.

வாரம் 12 அமர்வு என்றால் 12 மணி நேர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் தயாரிப்பு, குறிப்பு, இடையில் வரும் செய்திகளுக்குப் பதில் என்று முக்கால் மணி சேரும். 21 மணி ஆகிவிட்டது. ஒரு நாளில் நான்கு அமர்வுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆளின் பேச்சு காதில் விழும், மனதில் நிற்காது.

படி 6: வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார்

மேலே சொன்ன 12 அமர்வைத் தொடர்ந்து நிரப்பிவைக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால், ஒரே சமயத்தில் 24 வாடிக்கையாளர் இருக்கவேண்டும். மூன்று மாதத்தில் அவர்கள் முடித்துப் போவார்கள். ஆக மாதம் 8 புதியவர்கள். அறிமுக அழைப்பில் பேசும் மூவரில் ஒருவர் சேர்கிறார் என்றால் மாதம் 24 அழைப்பு. பாதிப் பேர் இன்னொரு மூன்று மாதம் தொடர்ந்தால் அது 16 ஆகக் குறையும். கோச்சிங் தெரிந்தும் பலர் இந்தத் தொழிலில் நிற்க முடியாமல் போவது இந்த எண்ணால்தான். சமூக ஊடகத்தில் தினமும் பொன்மொழி போட்டால் மாதம் 16 அழைப்பு வராது.

தொடக்கத்தில் வேலை செய்வது நேரடி வழிதான். நீங்கள் எழுதிய இருபது பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவர்களை வாங்கச் சொல்லாமல், "இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் யாரையாவது தெரியுமா?" என்று கேளுங்கள். பிறகு, உங்கள் பிரிவினர் ஏற்கெனவே கூடும் இடங்களில் 40 நிமிடப் பேச்சோ பட்டறையோ நடத்துங்கள்: சங்கங்கள், முன்னாள் மாணவர் குழுக்கள், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு. பேச்சில் ஒரு பயிற்சியை அங்கேயே செய்யவைத்தால், அதற்குப் பிறகு பேச வருபவர்கள் அதிகமாக இருப்பார்கள். மூன்றாவது வழி, முடித்துப்போன வாடிக்கையாளர். கடைசி அமர்விலேயே பரிந்துரை கேட்பது சிலருக்கு நெருடும். ஒரு மாதம் கழித்து நலம் விசாரித்து எழுதும்போது கேட்டால் நெருடாது.

அறிமுக அழைப்பு 25 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். முதல் 12 நிமிடம் அவர் பேசட்டும்: இப்போது ஏன் தேடுகிறார், இதுவரை என்ன செய்து பார்த்தார், மூன்று மாதத்தில் எது மாறியிருக்கவேண்டும். அடுத்து, நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று மூன்று நிமிடம். பிறகு கட்டணத்தைச் சொல்லுங்கள். சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். புதியவர்கள் தொகையைச் சொன்ன அடுத்த வினாடியே, "வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று தாங்களே குறைத்துவிடுவார்கள், எதிரில் இருப்பவர் எதுவும் கேட்டிருக்கமாட்டார். இலவச அழைப்பிலேயே முழு கோச்சிங்கையும் செய்துவிடுவது இன்னொரு பிழை. அவருக்கு நிம்மதி கிடைத்துவிடும், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். முடிவு உறுதி என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். செயல் அவருடையது என்பதால் முடிவுக்கு நீங்கள் உத்தரவாதம் தரவே முடியாது.

ஆறு அமர்வும் எப்படிப் போகும்

முதல் அமர்வில் மூன்று மாத இலக்கை ஒரே வாக்கியமாக எழுதி, அதை எப்படி அளப்பது என்றும் குறியுங்கள். இரண்டாவதில் உற்சாகம் மிகுந்திருக்கும். மூன்றாவது அல்லது நான்காவதில் பெரும்பாலும் ஒரு தேக்கம் வரும்: செயல் செய்யப்படாமல் வருவார், அமர்வைத் தள்ளிப்போடுவார், புதிய தலைப்பொன்றைத் திறப்பார். புதிய கோச் இங்கே பதறிப்போய் அறிவுரைக்குத் திரும்புவார், அல்லது ஆசிரியர்போல வீட்டுப்பாடம் கேட்பார். அப்படிச் செய்யாமல், தேக்கத்தையே மேசையில் வையுங்கள்: "முதல்ல எழுதின இலக்கு இது. இது இன்னும் உங்களுக்கு வேணுமா?" வேண்டாம் என்று பதில் வந்தால் அதுவும் நல்ல பதில்தான், இலக்கை மாற்றி எழுதுங்கள். நான்காவதின் முடிவில், இந்த வேலை உங்களுக்கு எப்படி உதவுகிறது, எது உதவவில்லை என்று நேராகக் கேளுங்கள். ஆறாவதில் கேட்டால் திருத்த நேரமிருக்காது.

கடைசி அமர்வில் புதிய தலைப்புகளைத் தொடங்கவேண்டாம். எது மாறியது, அவர் அதை எப்படிச் செய்தார், நீங்கள் இல்லாமல் எப்படித் தொடர்வார் என்று பேசுங்கள். அவர் இன்னும் மூன்று மாதம் கேட்டால், புதிய இலக்கு என்ன என்று கேளுங்கள். இலக்கு இல்லாமல் தொடர்ந்தால் அது துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதுபோல ஆகிவிடும். பணம் வரும், ஆனால் அவர் உங்கள்மேல் சாயத் தொடங்குவார்.

இருக்கிற வேலையை எப்போது விடுவது? தொடர்ந்து ஆறு மாதம், கோச்சிங் வருமானம் மட்டும் வீட்டுச் செலவில் பாதியையாவது தாங்கவேண்டும். புதியவர்களில் மூன்றில் ஒருவராவது நீங்கள் தேடிப்போகாமல் பரிந்துரை வழியாக வந்திருக்கவேண்டும். ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு கையில் இருக்கவேண்டும். மூன்றும் சேரும்வரை வேலைநாட்களில் இரண்டு மாலையையும் சனிக்கிழமைக் காலையையும் கோச்சிங்குக்கு ஒதுக்கினால் வாரம் ஆறு அமர்வு வரை தாங்கும்.